முன் இருக்கை

மார்ச் 4

அக்கா,

உன்னைக் கேட்காமல் உன் பெயரையும் போன் நம்பரையும் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். எட்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டு இப்படியா ஆரம்பிப்பது என்று எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் திடுதிப்பென்று உனக்குப் போன் செய்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

"அவசர நேரத்தில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?" என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. வாலுவின் அப்பா பெயரைப் போடலாமா என்று யோசித்தேன். விவாகரத்து வாங்கிக்கொண்டு போன மனுஷனுக்கு என் எலும்பு முறிந்த செய்தி எதற்கு என்று விட்டுவிட்டேன். பெற்ற பெண்ணைப் போடலாம் என்றால் வாலுவுக்குப் பதின்மூன்று வயதுதான். மிச்சம் நீதான் இருந்தாய்.

படிவம் எதற்கு என்று கேட்பாய். நான் பறக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன். மைக்ரோலைட் என்று ஒரு சின்ன விமானம். விமானம் என்றால் அதுவே வெட்கப்படும். மூன்று சக்கரத்தில் ஒரு தொட்டில் மாதிரி, தலைக்கு மேல் கூடாரத் துணியில் ஒரு பெரிய இறக்கை, முதுகுக்குப் பின்னால் விசிறி. கதவு இல்லை, கூரை இல்லை. ஓட்டச் சொல்லித் தருகிறவர் எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தார். பறக்கும்போது போட்டுக்கொள்ளும் கண்ணாடியில் பவர் வில்லை பொருத்த வேண்டும் என்றார். பின்னறையில் நான்தான் அதைத் தேய்த்துப் பொருத்தினேன். வாங்க வந்தவரிடம், "பயந்தாங்கொள்ளிகளுக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று என் வாய் கேட்டுவிட்டது. "அவங்களுக்குத்தான் சொல்லித் தர்றேன். மத்தவங்க சொன்னதைக் கேக்க மாட்டாங்க" என்றார்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் பாடம். கையெழுத்துப் போட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்று ஒருவருடைய இடது வில்லையை வலது பக்கத்துக்குத் தேய்த்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை.

உன் பெயரைப் போட்டது தப்பு என்றால் எழுது. மாற்றிவிடுகிறேன். வேறு யாரை என்று தெரியவில்லை.

தங்கை


மார்ச் 8

தங்கச்சிக்கு,

"அன்புள்ள" என்று எழுதவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு என்னைக் கூப்பிட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் பேச மாட்டேன். வீம்பு இல்லை, பேசக் கூடாது. குரல் நாணில் சின்னதாக ஒரு கட்டி. போன வாரம் எடுத்துவிட்டார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லையாம். ஆனால் ஒரு மாதத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் கட்டிப்போட்டிருக்கிறார். இருபத்தொரு வருஷம் ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து கத்தியதற்குக் கிடைத்த பரிசு. உன் அத்தானுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். எதற்கெடுத்தாலும் நான் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். பாதி நேரம் மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டேன் என்கிறார்.

ஆபரேஷனை உன்னிடம் சொல்லவில்லை. நாம்தான் பேசுவதில்லையே.

இனி உன் சங்கதி. உனக்கு மூளை குழம்பிவிட்டதா? ஸ்டூலில் ஏறி பல்பு மாட்ட எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவள் நீ. மாடிப்படியில் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு இறங்குகிறவள். கதவில்லாத தொட்டிலில் ஏறி வானத்துக்குப் போகிறாளாம். யாருக்குக் காட்ட? உனக்கு ஒன்று ஆகிவிட்டால் வாலு என்ன செய்வாள், யோசித்தாயா?

அன்று பாலத்தில் நான் சொன்னதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறாய் என்றால் இப்போதே நிறுத்து. அந்த வார்த்தைக்கு இவ்வளவு பெரிய பதில் வேண்டாம்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

தொண்டைக்கு என்ன சாப்பிடுகிறாய்? விழுங்கும்போது வலிக்கிறதா? ஆபரேஷன் அறைக்குள் போகும்போது பயமாக இருந்ததா? இதையெல்லாம் எழுது.

யாருக்குக் காட்ட என்று கேட்டாய். எனக்குத்தான்.

நாம் அந்த நாளைப் பற்றி ஒரு தடவைகூட முழுதாகப் பேசியதில்லை. நான் எழுதிவிடுகிறேன். ஆற்றுப் பாலத்தின் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தோம். வாலு குனிந்து தண்ணீரைப் பார்க்கக் கைப்பிடியில் சாய்ந்தாள். துருப்பிடித்த கைப்பிடி அப்படியே வெளியே மடங்கியது. அடுத்த நொடி அவள் கீழ்க் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாறு அடி தள்ளி நின்றேன். என் கால் வரவில்லை, அக்கா. ஓடு என்று மனசு சொன்னது. கால் யாருடைய காலோ மாதிரி இருந்தது. பாலத்துக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவர் பிரஷைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். அந்தப் பச்சை மூன்று நாள் அவள் கையை விட்டுப் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தது நான்தான்.

பிறகு அத்தனை பேர் முன்னால் நீ சொன்னாய்: "பெத்த புள்ள தொங்குது, மரம் மாதிரி நிக்கிறியே. நீயெல்லாம் ஒரு தாயா?" எனக்குக் கோபம் வந்தது, நீ சொன்னதற்காக இல்லை. அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எப்போதும் இப்படித்தானா, அல்லது அன்று மட்டுமா? இது தெரியாமல் வாலுவோடு ரோட்டைக் கடக்கவே பயமாக இருக்கிறது. பயத்தை வேண்டுமென்றே வரவழைத்து, கை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு நீளப் புல்வெளி, தகரக் கொட்டகை, காற்று எப்படி அடிக்கிறது என்று காட்ட ஒரு கம்பத்தில் காற்றுப் பை. தரையில் நிறுத்திவைத்தே என்னை உட்கார வைத்தார். கற்றுக்கொள்கிறவருக்குத்தான் முன் இருக்கையாம், சொல்லித் தருகிறவர் பின்னால். எனக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அக்கா. கண்ணாடி இல்லை, பலகை இல்லை. என் முழங்கால், அதற்கப்புறம் உலகம். கையில் ஒரு குறுக்குக் கம்பி. அதை இழுத்தால் வேகம், தள்ளினால் மெதுவாகும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடப்பக்கம் தள்ள வேண்டும். எல்லாமே தலைகீழ். "பாக்கெட்ல ஒரு சீப்புகூட இருக்கக் கூடாது. விழுந்தா பின்னாடி விசிறியில போய் அடிக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து எல்லாப் பாக்கெட்டையும் தைத்து மூடிவிட்டேன்.

இரண்டு நாளாகக் குளிக்கும்போது தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறேன். இன்னும் நான்கு நாள்.

தங்கை


மார்ச் 13

தங்கச்சிக்கு,

விழுங்க வலிக்கவில்லை. கஞ்சியும் ரொட்டியும்தான். ஆபரேஷனுக்கு முன்னால் பயமாகத்தான் இருந்தது. மயக்க மருந்து கொடுப்பவர் பத்து வரை எண்ணச் சொன்னார். நான்குக்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை.

உன் கடிதத்தை நேற்று மூன்று முறை படித்தேன். பாலத்தைப் பற்றி நீ எழுதியதில் ஒரு இடம் விடுபட்டிருக்கிறது. இப்போது அதைச் சொல்லப் போவதில்லை.

போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன். போயே தீருவேன் என்றால் என் பெயரை அடித்துவிடு. வாலு என்னிடம்தான் வருவாள் என்று நீயாக முடிவு செய்துவிட்டாய். நான் அதற்கு லாயக்கானவளா என்று யார் உனக்குச் சொன்னது?

அக்கா


மார்ச் 16

அக்கா,

நான் போகவில்லை. போனேன், ஆனால் பறக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததுமே மரமெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. வாலுவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவளிடம் மறைக்க முடியவில்லை. பாக்கெட்டைத் தைத்ததைப் பார்த்துவிட்டாள். "எதுக்கும்மா இது?" என்றாள். சொன்னேன். தன்னுடைய கம்பளிக் குல்லாயை எடுத்து என் பையில் வைத்தாள்.

மைதானத்தில் காற்றுப் பை படுக்கை வாட்டில் விறைத்துக்கொண்டு நின்றது. சொல்லித் தருகிறவர் வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். அண்ணாந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "இன்னைக்கு வேணாம். முதல் நாளே குலுக்கி எடுத்துடும். இருபத்தொம்பதாம் தேதி வெச்சுக்கலாம்."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன்னிடம்தான் சொல்ல முடியும். பஸ்ஸில் வரும்போதே காற்று நிற்கக் கூடாது, நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வந்தேன். முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டு "அடடா" என்றேன். வாலு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம்தான் நிம்மதி. பிறகு புரிந்தது, இன்னும் இரண்டு வாரம் பயப்பட வேண்டும். முதலிலிருந்து.

நீ சொல்லாமல் விட்ட அந்த இடம் எது? எனக்கு அதுவும் சேர்ந்து உறுத்துகிறது. உன் பெயரை நான் அடிக்கவில்லை.

தங்கை


மார்ச் 21

தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். நேரில் பேச முடிந்திருந்தால் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டேன். பேச்சை வேறு பக்கம் திருப்ப எனக்குத் தெரியும். எழுத்தில் அது வரவில்லை.

நீ ஐந்தாறு அடி தள்ளி நின்றதாக எழுதியிருந்தாய். அது சரி. நான் எங்கே நின்றேன் என்று நீ எழுதவில்லை. நீ பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். உன் கண் வாலு மேலேயே இருந்தது.

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். குனிந்து கையை நீட்டினால் எட்டும் தூரம். என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைக் கீழே போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூடி கழன்று தண்ணீர் என் செருப்பில் ஊற்றிக்கொண்டிருந்தது, அதுகூடப் பிறகுதான் தெரிந்தது. அந்த வண்ணக்காரர் என்னை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் அவளைப் பிடித்தார். "நகருங்கம்மா!" என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார்.

ரயில் வருகிறது, தள்ளி நில்லுங்கள் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுகிற எனக்கு அன்று "பிடி" என்று ஒரு சொல் வரவில்லை. அவள் மேலே வந்த பிறகு குரல் வந்தது. வந்த குரலால் என்ன செய்தேன்? யாராவது என்னைப் பார்ப்பதற்குள் உன்னைப் பார்த்துக் கை நீட்டினேன். எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது எனக்கு மூச்சு வந்தது.

எட்டு மாதம் நீ என்னிடம் பேசவில்லை என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் நான்தான் உனக்குப் போன் செய்யவில்லை. நீ எப்போதாவது "நீ எங்கே நின்றாய்?" என்று கேட்டுவிடுவாயோ என்று பயம்.

இப்போது உன் படிவத்தில் என் பெயர் இருக்கட்டுமா என்று நீயே முடிவு செய்.

அக்கா


மார்ச் 25

எட்டு மாதம், அக்கா.

எட்டு மாதம் வாலு என் கையைப் பிடிக்கும்போதெல்லாம், இதைப் பிடிக்க எனக்கு என்ன தகுதி என்று நினைத்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் "அம்மா" என்று ஒரு பாடம் வந்தால் அன்றைக்குப் புத்தகத்தைத் தொட மாட்டேன். உன் வார்த்தை ஒவ்வொரு நாளும் காதில் கேட்டது, அதுவும் உன் மைக் குரலில்.

கடையில் இதைப் படித்தேன். தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே போய்த் தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். உன்னைத் திட்ட வார்த்தை தேடினேன். நீ சொன்னதைவிட மோசமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. நாளைக்கு வருமா என்றும் தெரியாது. சனிக்கிழமை போகிறேன். முன்பு ஒரு பயம். இப்போது கோபமும் சேர்ந்துகொண்டது. இரண்டும் வயிற்றில் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

தங்கை


மார்ச் 30

அக்கா,

நேற்றுப் பறந்தேன்.

காலையில் ஒரு இலை அசையவில்லை. காற்றுப் பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. என் கடைசி நம்பிக்கையும் போயிற்று. கனமான உடுப்பு, கையுறை, தலைக்கவசம், அதற்குள் அவர் குரல். வாலு கொட்டகை வாசலில் நின்றாள். கையாட்டச் சொன்னேன், ஆட்டவில்லை.

தரை எப்போது விட்டது என்று தெரியவில்லை. தடதடவென்று குலுங்கியது நின்றது, அவ்வளவுதான். பிறகு கீழே பார்த்தேன். என் செருப்புப் பெட்டி அளவுக்குக் கொட்டகை, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி. அது வாலு என்று தெரிந்ததும் உடம்பு முழுக்கச் சில்லிட்டது. ஆயிரம் அடியில் அவர் சொன்னார்: "இப்ப நீங்க. இடப்பக்கம் லேசாத் திரும்புவோம்."

கை வரவில்லை.

அதேதான், அக்கா. பாலத்தில் கால் எப்படி யாருடையதோ ஆயிற்றோ, அப்படியே கை. கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றன என்றே தோன்றவில்லை. "நீங்க பிடிச்சிருக்கீங்களா?" என்று கத்தினேன். "இல்ல. நீங்கதான் பிடிச்சிருக்கீங்க. அது பாட்டுக்கு நேராப் போகும், அவசரமே இல்ல" என்றார். அவர் கம்பியை வாங்கிக்கொள்வார் என்று காத்திருந்தேன். வாங்கவில்லை. திட்டவும் இல்லை. மூச்சு விடுங்க என்றுகூடச் சொல்லவில்லை. அந்த மனுஷன் சும்மா இருந்தார்.

பிறகு கம்பி ஒரு விரற்கடை வலப்பக்கம் போயிற்று. நான்தான் தள்ளினேன். பூமி மொத்தமும் ஒரு தட்டு மாதிரி சாய்ந்தது. நான் அலறிய அலறலில் உன் தொண்டையாக இருந்தால் மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டி வந்திருக்கும். ஆனால் திரும்பினோம்.

இறங்கியதும் கேட்டேன், நான் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று. "நாப்பது விநாடி இருக்கும்" என்றார், ரொம்ப நல்ல செய்தி மாதிரி. நாற்பது விநாடி வாலு தொங்கியிருக்க முடியாது. எனக்கு விடை கிடைத்துவிட்டது: கை அசையும், நேரம் ஆகும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுத்த பாடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். நாற்பதை முப்பதாக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உடுப்பின் ஜிப்பைக் கழற்ற முடியவில்லை. வாலு வந்து கழற்றிவிட்டாள்.

"பயமா இருந்துச்சாம்மா?"

"செத்தேன்னே நெனச்சேன்."

அவள் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள். "பாலத்துல மாதிரியா?" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. நான் தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கு நான் உன் மூஞ்சியவேதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ கொஞ்சங்கூட அசையல. அசையாம இருன்னு நீ எனக்குச் சொல்றதா நெனச்சேன். அதான் காலை ஒதறாம அப்படியே தொங்கினேன்."

அக்கா, அதை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? எட்டு மாதத்துக்கும் மருந்து அது. வாயைத் திறந்துவிட்டேன், "ஆமா" என்று சொல்ல.

"இல்லடி" என்றேன். "நான் ஒண்ணும் சொல்லல. பயத்துல எனக்குக் காலே வரல."

"தெரியும்" என்றாள். "அப்புறம் தெரிஞ்சுது. ஆனா அப்ப அப்படி நெனச்சதாலதான் கைய விடல."

பிறகு கேட்டாள்: "பெரியம்மா எங்க நின்னாங்க?"

அவளுக்கு நினைவில்லையா, அல்லது நினைவிருந்துதான் கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை. "அதைப் பெரியம்மாதான் சொல்லணும்" என்றேன். காப்பாற்றவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. இதற்கு மேல் என்னால் முடியாது.

தங்கை


ஏப்ரல் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். அத்தானை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் இருந்தால் எனக்காகப் பரிந்து பேசுவார்.

பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரகரவென்று யாரோ ஒருத்தி பேசுகிற மாதிரி இருக்கிறது. வாலுவுக்கு அடையாளம் தெரியுமோ என்னவோ.

அவளிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை எழுதினேன். மூன்றிலும் நான் கொஞ்சம் தள்ளி நின்றதாகவே வந்துவிட்டது. ஒன்றில் கையை நீட்டவே ஆரம்பித்துவிட்டேன். எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். எழுதாமலே வருகிறேன்.

நீ ரயிலடிக்கு வராதே. வாலுவை மட்டும் அனுப்பு. உங்கள் வீட்டுக்கு நடந்து வர இருபது நிமிடம் ஆகும், அந்த வழியிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் வந்துவிட்டால் சாப்பிட்ட பிறகு சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆகிவிடும். என்னை எனக்குத் தெரியும்.

பயத்தில் இரண்டு நாளாகப் பெட்டியை அடுக்குவதும் கலைப்பதுமாக இருக்கிறேன். தைரியம் சொல்லி எழுதிவிடாதே, அதைப் படித்தால் வராமல் இருந்துவிடுவேன். அவளை மட்டும் அனுப்பு.

அக்கா